மஞ்சள் தண்ணீரில் பன்னிரண்டு தொடை

புதிதாகச் சமையற்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மேடம், ஃப்ரீசர்ல இருக்கற கறிய ஐஸ் விட்ட பிறகுதான் ரோஸ்ட் போடணுமா, கல்லா இருக்கும்போதே போட்டாலும் ஆகுமா?" ஆகும், ஆகாது என்று இரண்டில் ஒன்றைச் சொன்னால் எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு முட்டிவலி. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் பதில் ஒரு வரியில் அடங்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களும் உட்கார்ந்தே படியுங்கள்.

முதலில் உங்கள் பரீட்சைக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நேரம் இருந்தால் குளிர் அறையில், கீழ்த்தட்டில், அடியில் ஒரு தாம்பாளம் வைத்து நிதானமாக ஐஸ் விட்டு இளகச் செய்யுங்கள். பெரிய ஆட்டுத் தொடைக்கு ஒரு முழு நாளாவது பிடிக்கும். நேரம் இல்லையென்றால் ஓவனில் கல்லாகவே வைக்கலாம். வழக்கமான நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு கொடுக்க உங்களுக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். தந்தூர் அடுப்பில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தந்தூரைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருப்பதியில் ஒரு அசைவ ஓட்டலில் சேர்ந்த முதல் வருஷம், கூட்டம் நெரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி ஐஸ் விட்ட கோழியைக் கம்பியில் குத்தி உள்ளே இறக்கினேன். மேலே அப்படியொரு நிறம். எனக்கே பெருமையாக இருந்தது. ஒருவர் தன் பெண் குழந்தையின் தட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பிட்டு, எலும்போரம் இருந்த பச்சைச் சிவப்பைக் காட்டினார். திட்டவில்லை. "உங்க வூட்டுக் குழந்தைக்கு இத்தக் குடுப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டார். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து நான் நிறத்தை நம்புவதில்லை. தெர்மாமீட்டர் இல்லாமல் ரோஸ்ட் பக்கம் போவதும் இல்லை.

இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம். நான் சொல்ல வந்தது சித்தூர்க் கல்யாணம்.

அப்போது நான் திருப்பதியில் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். பெண்ணின் அம்மா சுகுணா, அங்கன்வாடியில் வேலை. கணவர் இல்லை. ஒரே மகள் ஷைனி. மாப்பிள்ளை வீடு சத்தியவேடு. அந்தச் சபைக் குடும்பங்கள் சிலவற்றில் கல்யாணப் பந்தியில் பிரியாணி இருந்தாலும், மேசைக்கு ஒரு முழு ஆட்டுத் தொடை ரோஸ்ட் வந்தால்தான் பந்தி என்பார்கள். வெள்ளைக்கார மிஷனரி பங்களாக்களில் சமையல் வேலை பார்த்தவர்கள் வழியாக வந்த பழக்கம். சித்தூர் பக்கம் குடிபாலாவில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அது உண்டு. அதனால் மேசைகள் இருபத்துநாலு என்றதும், தொடையும் இருபத்துநாலு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தொடைகளைக் கொடுப்பது மாப்பிள்ளையின் அண்ணன் தேவா என்று பேச்சு. சென்னையில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் மேனேஜர். தம்பி கல்யாணத்துக்குத் தன் சீராக அனுப்புகிறேன், எல்லாம் ஒரே அளவு, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் திருப்பதியில் உங்கள் குளிர் அறைக்கே வந்துவிடும் என்றார். வரவில்லை. ஃபோன் போட்டால் வண்டி கிளம்பிவிட்டது என்ற ஒரே பதில். கடைசியில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டி நேராகச் சித்தூரில் சுகுணா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறது. டிரைவரிடம் இருந்தது அந்த விலாசம். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் கறிக்கடையில் சொல்லி எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, ஓவன் இரண்டையும் வேனில் ஏற்றி, கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கெல்லாம் சித்தூர் மண்டபத்துக்கு வந்துவிட்டேன்.

மண்டபத்துச் சமையலறையில் இரண்டு பெரிய அண்டா, மேலே வெள்ளைத் துணி கட்டி. பக்கத்தில் சுகுணா. கண் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, உனுக்கு வேலையே வைக்கல நானு. கறி வந்துச்சி. ஐஸ்கிரீம் கடைக்காரரு பொட்டில பன்னெண்டுதான் புடிச்சிது. மீதி பன்னெண்ட எங்க வைக்கறது? வெதவெதன்னு தண்ணி காய வச்சி, மஞ்சா போட்டு ஊறப்போட்டேன். ஆறிப்போவ ஆறிப்போவ சுடுதண்ணி ஊத்திக்கினே இருந்தேன். பாரு, பூ மாதிரி ஆயிடுச்சி."

துணியை எடுத்தேன். பன்னிரண்டு தொடைகளும் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல மினுமினுவென்று இருந்தன. விரல் வைத்தால் உள்ளே போகிறது.

நம் வீடுகளில் கறி வாங்கி வந்தால் மஞ்சள் தண்ணீரில் அலசாமல் அடுப்பில் ஏற்ற மாட்டோம். மஞ்சள் பட்டால் சுத்தம் என்று கைக்கே பழகியிருக்கிறது. காலையில் வெட்டிய கறிக்கு அது சரி. ஐஸ் கறியை மே மாத வெக்கையில் பன்னிரண்டு மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, ஆறவிடாமலும் பார்த்துக்கொண்டால், கிருமிகளுக்கு இதைவிட உபசாரம் யாராலும் செய்ய முடியாது. இதில் மஞ்சள் செய்யும் வேலை ஒன்றுதான். நிறத்தையும் வாடையையும் மறைத்துவிடும். கெட்டதைக் கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் கண், மூக்கு இரண்டையும் கட்டிவிடும்.

ஒரு தொடையை எலும்பு வரை கீறிப் பார்த்தேன். மேலே வழவழப்பு. எலும்போரம் மூக்கை வைத்தால் மஞ்சளுக்கு அடியில் லேசாக ஒரு புளித்த வாடை. இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம், அவ்வளவு லேசு. ஆனால் அதை முகர்ந்த பிறகு நான் சண்டைக்குத் தயாராக இல்லை. வாடையே இல்லாவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எனக்குப் போதும்.

என் ஓவன்காரர் மஸ்தான் என்னைவிட நாலு வயது சின்னவர், கெட்டிக்காரர். அவர் காதோரம் வந்து சொன்னார். "அக்கா, நல்லா அலசி மசாலாவ ஏத்திச் சுடச்சுட எறக்கிட்டா எந்தக் கிருமியும் நிக்காதுக்கா. ஐஸ்கிரீம் கடையில இருக்கறதுதான் தலைவலி. அது கல்லு. அத எப்பிடி மத்தியானத்துக்குள்ள வேக வைக்கறது?"

"கிருமி செத்துப்போவும் மஸ்தானு. அது வுட்டுட்டுப் போன விஷம் நம்ம அடுப்புச் சூட்டுக்கெல்லாம் சாவாது. கல்லா இருக்கறத வேக வச்சிக்கலாம். இதைத்தான் ஒன்னும் பண்ண முடியாது."

பார்வைக்குத் தயாராக இருந்த பன்னிரண்டும் குப்பைக்கு. வேகவே வேகாது என்று தோன்றிய பன்னிரண்டும் ஓவனுக்கு. இதை முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுகுணாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அழவில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இது அவுங்க அனுப்புன சீரு. பாதியக் காணோம்னா என்னா சொல்லுவாங்க? ஆம்பள இல்லாத வூடு, குடுத்த கறியக்கூடக் காப்பாத்தத் தெரில சொல்லுவாங்க. எங்கிட்ட சொன்னா கேட்டுக்குவேன். எம்பொண்ணுகிட்டத்தான காலம்பூரா சொல்லிக்கினு இருப்பாங்க."

அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படிப் பேசுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ கல்யாணங்களில் ஒரு கரண்டி ரசத்துக்காகப் பெண்ணின் அம்மா தலைகுனிந்து நின்றதைப் பார்த்தவள் நான். என் மனசு இளகிவிட்டது. "நீ வாயத் தொறக்காத சுகுணா. எங்க கிச்சன்லதான் கெட்டுப்போச்சின்னு நான் சொல்லிக்கறேன். எங்கிட்ட ரெண்டு கத்து கத்திட்டுப் போவட்டும்" என்றேன்.

பிறகு அண்டாக்களைப் பின்கட்டுக் குழிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். குழியில் போட்டால் போதாது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கழித்துப் போட்ட கறியைப் பார்க்கிறவர்களுக்கு அது கறிதான். யாராவது எடுத்துக்கொண்டு போய் வீட்டில் குழம்பு வைப்பார்கள். ஒரு கேன் பினாயிலை வாங்கி, பன்னிரண்டு தொடை மேலும் படுகிற மாதிரி என் கையாலேயே ஊற்றினேன். மண்டபத்து வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, தினேதானி மீத இட்லா போஸ்தாரா?" என்று தெலுங்கில் கத்தினார். தின்கிற பொருள் மேல் இப்படி ஊற்றுவார்களா என்று அவருக்கு ஆற்றாமை. எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் ஊற்றிய பிறகு, திரும்பி எடுக்கலாமா என்று யோசிக்க வழியே இல்லை. அதற்காகத்தான் ஊற்றினேன்.

கறிக்கடைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தேன், முன்னமே சொல்லி வைக்காததால் முழுத் தொடை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த சோதனை ஐஸ்கிரீம் கடை. கடைக்காரர் ஒன்பது மணிக்குத்தான் வந்து கதவைத் திறந்தார். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒருமுறை ஐஸ் விட்டு மறுபடி உறைந்த கறி என்றால், சிவப்புத் தண்ணீர் பாக்கெட்டின் ஒரு மூலையில் ஓடிப்போய்க் கட்டியாக நிற்கும். அப்படி எதிலும் இல்லை. ஒரு தொடையால் இன்னொன்றைத் தட்டினால் செங்கல் சத்தம். நல்லது.

மசாலா கிண்ணத்தோடு மஸ்தான் தயாராக நின்றார். நான் தடுத்தேன். ஐஸ் மேல் தடவுகிற மசாலா வழிந்து தட்டில் போய்க் கருகும், கறியில் ஒட்டாது. முதலில் வெறும் கறியாகவே உள்ளே போகட்டும், மேல்தோல் இளகியதும் எடுத்து, ஈரம் துடைத்து, கீறி மசாலா ஏற்றலாம் என்றேன். ஓவனுக்கு ஆறு. சூடு மிதமாக. ஒன்பதேகால் மணிக்குக் கதவைச் சாத்தினோம். பந்தி பன்னிரண்டரைக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இடித்தது. வேறு கணக்கு என்னிடம் இல்லை.

சர்ச்சில் தாலி கட்டி முடிந்து கூட்டம் மண்டபத்துக்குள் வந்தபோது பன்னிரண்டே கால். மிளகும் இஞ்சியும் பூண்டும் தயிரும் ஏறிய தொடைகள் வெளியே பழுப்பாகிச் சமையலறை முழுக்க மணம். யார் பார்த்தாலும் இறக்கச் சொல்லுவார்கள். எலும்போரம் தெர்மாமீட்டரைக் குத்தினேன். நாற்பத்தொன்பது டிகிரி. எழுபதைத் தாண்டாமல் என் ஓவன் கதவு திறக்காது.

"சூட்ட ஏத்தட்டுமாக்கா?" என்றார் மஸ்தான்.

"ஏத்துனா தோலு கருகும். எலும்புக்கு அவசரம் தெரியாது. இப்பிடியே வுடு."

"வெளிய எல்லாரும் குந்திட்டாங்க."

"குந்தட்டும். வடையும் சூப்பும் குடுத்து அனுப்பு. கேட்டா, கெழவி தரமாட்டேன்னுட்டா சொல்லு."

அந்த நேரத்தில் தேவா உள்ளே வந்தார். புதுக் கோட்டு, வியர்வை. பின்னாலேயே அவருடைய அம்மா ரத்னம்மா. தேவா ஓவன் கண்ணாடி வழியாக எண்ணினார். ஆறு. அடுத்த ஓவனிலும் ஆறு. குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"இருபத்தி நாலு அனுப்பிச்சேன். மீதி பன்னெண்டு எங்க?"

"கெட்டுப்போச்சிங்க. கழிச்சிட்டேன்" என்றேன்.

"எங்க கிடங்குல இருந்து வந்தது கெட்டுப்போவுமா? எங்கிட்டயே கத வுடறீங்களா? உங்க வேன தொறங்க." அவர் கண் மஸ்தான் மேல் போய் நின்றது. "யார் யார் வூட்டுக்குப் போச்சி?"

மஸ்தானின் முகம் சுண்டிவிட்டது. இருபது வருஷமாக என்னோடு இருக்கிறவர். ஒரு எலும்புத் துண்டைக்கூடத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருந்தாலும் காலையில் வாக்குக் கொடுத்துவிட்டேனே. "என் தப்புங்க. எங்க கிச்சன்லதான்" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, நிறுத்து."

வாசலில் சுகுணா. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. வெளியே பந்தியில் அவரைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். உள்ளே வந்து, தேவாவுக்கு நேராக நின்றார்.

"அவுங்க எடுக்கல தம்பி. அவுங்க கெடுக்கவும் இல்ல. நாந்தான் வெதவெதப்பா மஞ்சாத் தண்ணில ராத்திரி பூரா ஊறப்போட்டேன். கெட்டுப்போச்சி. பின்னால குழில கெடக்குது, போயிப் பாருங்க. பினாயில் ஊத்திக்கிது, கைய வைக்காதீங்க. என்னா சொல்லணுமோ எங்கிட்ட சொல்லுங்க. எம்பொண்ண ஒன்னும் சொல்லாதீங்க."

தேவா வாயைத் திறந்தார். ஆனால் பேசியது அவர் இல்லை.

"வெதவெதப்பா தண்ணி வைக்கச் சொன்னது நானு" என்றார் ரத்னம்மா.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஃபோனில் வழி சொன்னது சம்பந்தியம்மாதான் என்பதைக் காலையிலிருந்து அவர் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ரத்னம்மா நேராக என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்தேன். அதற்கு இல்லை.

"ஏம்மா, மஞ்சா போட்டாக்கூடக் கெட்டுப்பூடுமா?" என்று என்னைக் கேட்டார்.

"பூடும்."

"பாக்கறதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நல்லாத்தான் இருக்கும்."

"ஐயோ நைனா" என்று மகனின் சட்டையைப் பிடித்தார். "வண்டி மொதல்ல நம்ம வூட்டுக்குத்தான வந்தது. நமக்குன்னு தனியா அனுப்புன நாலு தொடைய அங்க எறக்குனாங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து அண்டாவுல ஊறிக்கினு இருக்குது. பொண்ணு மாப்ள போயி எறங்குனதும் துன்னறதுக்கு ராத்திரிக்கு ரோஸ்ட் வைக்கச் சொல்லிட்டு வந்துட்டனே."

தேவா ஃபோனை எடுத்தார். இரண்டு முறை அடித்து யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை சத்தியவேட்டில் யாரோ எடுத்தார்கள். "அண்டாவத் தொடாதீங்க. எதுக்குன்னு கேக்காத. அடுப்புல ஏத்திட்டீங்களா? ஏத்தலியா? கீழ கொட்டு. கொட்டிட்டு பினாயில் ஊத்து. நான் லைன்லயே இருக்கறேன், ஊத்து" என்று கத்தினார். அந்தப் பக்கம் ஊற்றி முடிக்கும்வரை ஃபோனை வைக்கவில்லை. பிறகு மஸ்தானிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்கும் இடையில்.

தொடைகள் ஒன்றரை மணிக்கு எழுபத்திரண்டைத் தொட்டன. இரண்டு மேசைக்கு ஒன்று என்று அனுப்பினோம். பந்தி ஒரு மணி நேரம் தாமதம். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், அவர்களும் எலும்பைச் சப்பிவிட்டுத்தான் எழுந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி கேட்டவருக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐஸ் விட்ட பிறகு ரோஸ்ட் போடுவதா, கல்லாகப் போடுவதா என்பது நேரத்தைப் பார்த்து முடிவு செய்வது. இரண்டுமே செய்யலாம். ஐஸ் எங்கே விட்டது, எவ்வளவு நேரம் விட்டது, யார் கையில் விட்டது என்று தெரியாத கறியைத்தான் தொடக் கூடாது. அது கெட்டது எப்படி என்பதை மறைக்கவும் கூடாது. இந்த இரண்டாவது விஷயத்தில் நான் அன்றைக்குத் தோற்றேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கறியைப் பற்றி எடுத்த முடிவுகள் எல்லாம் சரி. மனுஷியைப் பற்றி எடுத்த முடிவு தப்பு. எங்கள் சமையற்கூடத்தில் கெட்டுப்போனது என்று நான் சொல்லி முடித்திருந்தால் ரத்னம்மா நம்பியிருப்பார். மஞ்சள் தண்ணீரின் பேச்சே வந்திருக்காது. சுகுணாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு ஓவன்களை வேனில் ஏற்றிக்கொண்டு நான் திருப்பதிக்குக் கிளம்பியிருப்பேன். அதே நேரம் ஷைனி சத்தியவேட்டில் புகுந்த வீட்டு முதல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள், அவள் தட்டில் அந்தக் கறி இருந்திருக்கும்.